சலவைக்காரிக்குக் கீழே இருந்த வரி

ஒரு மரப்பெட்டிக்குத் துணையாகத்தான் நான் பெங்களூர் போனேன். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. பிரான்சில் ஆற்றங்கரை ஊரொன்றில், நகராட்சி நடத்தும் சின்ன அருங்காட்சியகத்தில் பத்தொன்பது வருடமாகக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் படங்கள் வெளியூர்க் கண்காட்சிக்குப் போனால் கூடவே ஓர் ஆள் போகவேண்டும். பெட்டியை ஏற்றும்போதும் இறக்கும்போதும் பார்க்கவேண்டும், திறக்கும்போது கிட்டே நிற்கவேண்டும், கடைசியில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போடவேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் கண்காட்சியைத் திறக்கக் கூடாது. நான் புதுச்சேரியில் பிறந்தவள், தமிழ் பேசுவேன், வெயில் தாங்குவேன் என்று கணக்குப் போட்டு இயக்குநர் என்னை அனுப்பினார். பெங்களூரில் பேசுவது கன்னடம் என்றேன். எல்லாம் இந்தியாதானே என்றார். அங்கேயே எனக்குக் கோபம் ஆரம்பித்துவிட்டது.

விமான நிலையத்தில் என்னை ஐந்து நிமிடத்தில் விட்டுவிட்டார்கள். பெட்டியைத்தான் விடவில்லை. சரக்குக் கொட்டகையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நாலரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மின்விசிறி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுற்றியது. சுங்க அதிகாரி ஒருவர் வந்து உள்ளே என்ன என்று கேட்டார். படங்கள் என்றேன். சாமி படமா என்றார். இல்லை, துணி துவைக்கும் பெண், தண்ணீர் சுமப்பவன், கத்தி சாணை பிடிப்பவன், இந்த மாதிரி ஏழு படங்கள் என்றேன். அவர் பக்கத்தில் இருந்தவரிடம் கன்னடத்தில், துணி துவைக்கிறவளுக்கா இத்தனை ஆணி அடித்திருக்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்தார். எனக்குக் கன்னடம் தெரியாது என்று நினைத்துவிட்டார். புதுச்சேரியில் என் பள்ளித்தோழி ஒருத்தி மைசூர்க்காரி, அவள் திட்டுவதைக் கேட்டே நான் பாதிக் கன்னடம் கற்றவள். பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். பெட்டி அவர் கையில் இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

பெட்டி மல்லேஸ்வரம் போய்ச் சேர்ந்தபோது மாலையாகிவிட்டது. அங்கே ஒரு பழைய பங்களாவைக் கண்காட்சிக் கூடமாக மாற்றியிருக்கிறார்கள். ஒருங்கிணைப்பாளர் நிகில் என்ற இளைஞர், வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்பு, சுவர்களும் அதே வெள்ளை. ஒரு நாள் முழுக்கப் பெட்டியைத் தொடக் கூடாது என்று சொன்னேன். குளிர் நாட்டிலிருந்து வந்த காகிதத்துக்கு இந்த ஊர்க் காற்று பழகவேண்டும். நிகில் தலையை ஆட்டிவிட்டு, அரை நாள் போதாதா என்றார். போதாது என்றேன். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டார்.

நான் தங்கியது ரிச்சர்ட்ஸ் டவுனில், ஸ்டெல்லா என்பவர் வீட்டு மாடி அறையில். அவர் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். நாலு தலைமுறையாக அதே தெரு, வீட்டில் தமிழ், வாசலில் கன்னடம், தொலைபேசியில் ஆங்கிலம். இரவுச் சாப்பாட்டுக்கு ஆப்பமும் கோழிக்குழம்பும் வைத்தார். விமானத்தில் கொடுத்த ரப்பரைச் சாப்பிட்டு வந்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நாலு ஆப்பம் சாப்பிட்டேன்.

மறுநாள் பெட்டிக்கு ஓய்வு, எனக்கும் ஓய்வு. மல்லேஸ்வரத்தில் நடந்தேன். பூக்கடை, காய்கறிக் கடை, நடைபாதையை அடைத்துக்கொண்டு வாழைக்கன்று. ஒரு சிற்றுண்டிக் கடையில் இட்லி கேட்டேன். சாம்பாரில் வெல்லம். இந்த ஊர்க்காரர்கள் நல்லவர்கள், பொறுமையானவர்கள், ஆனால் சாம்பாரில் வெல்லத்தைப் போடுகிறவர்களை நான் கடைசிவரை மன்னிக்க மாட்டேன். சட்னியைத் தொட்டுச் சாப்பிட்டு முடித்துக் காபிக்கு நின்றபோது, முன்பின் தெரியாத ஓர் அம்மாள் என்னிடம் திரும்பி, பை டூ சொல்லலாமா என்றார். ஒரு காபியை இரண்டு டம்ளரில் பிரித்துத் தருவார்கள். அவருக்கு முழுக் காபி வேண்டாமாம். பத்தொன்பது வருடமாக நான் இருக்கும் ஊரில் பக்கத்து வீட்டுக்காரர்கூட என்னோடு ஒரு காபியைப் பங்கு போட்டதில்லை. அந்த அம்மாள் பாதிக் காபியைக் குடித்துவிட்டு, பேர்கூடக் கேட்காமல் போய்விட்டார்.

அன்று இரவு ஸ்டெல்லா, அப்படி என்னதான் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று கேட்டார். பிளேஸ் கூர்த்வேன் கதையைச் சொன்னேன். இங்கேயும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறுநாள் நான் ஏன் அப்படிக் குதித்தேன் என்று விளங்காது.

பிளேஸ் எங்கள் ஊர்க்காரர், பதினெட்டாம் நூற்றாண்டு. அப்பா பூட்டுச் செய்பவர். பூட்டின் தகட்டில் கொடியும் பூவும் செதுக்கிப் பழகிய பையன், ஓவியன் ஆகவேண்டும் என்று பாரிசுக்குப் போனார். அந்தக் காலத்தில் பணக்காரர்களுக்கு வேண்டியிருந்ததெல்லாம் குளிக்கும் தேவதைகளும் கன்னம் கொழுத்த குழந்தைகளும்தான். பிளேஸ் வரைந்ததோ சலவைக்காரியை. யார் வாங்குவார்? வயிற்றுப்பாட்டுக்கு, மற்றவர்கள் வரைந்த ஓவியங்களைப் பார்த்துச் செப்புத் தகட்டில் செதுக்கிக் கொடுத்தார். தகட்டில் கூரான கருவியால் கோடு கோடாகக் கீறி, கீறலுக்குள் மையை இறக்கி, மேலே காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் வரும். அப்போது அச்சுக்கு ஒரு முறை இருந்தது. படத்துக்குக் கீழே இடது ஓரத்தில் வரைந்தவர் பெயர், வலது ஓரத்தில் செதுக்கியவர் பெயர், அதற்கும் கீழே விற்கும் கடையின் பெயரும் தெருவும். வருடக்கணக்காக பிளேசின் பெயர் வலது ஓரத்திலேயே கிடந்தது.

கடைசியில் ஒருமுறை, தான் வரைந்த ஏழு உழைப்பாளிகளைத் தானே செதுக்கினார். கீழே, கடைப் பெயருக்கு மேலே, ஒரே வரி: வரைந்ததும் செதுக்கியதும் பிளேஸ் கூர்த்வேன். பதிப்பித்த கடைக்காரன் என்ன செய்தான்? கொஞ்சம் பிரதிகள் எடுத்தான், விற்கவில்லை. உடனே தகட்டில் அந்த வரியைச் சுரண்டி எடுத்துவிட்டு, அரண்மனைக்குப் படம் வரைந்த ஒரு பெரிய மனிதரின் பெயரை அங்கே பொறித்துவிட்டான். பிறகு நன்றாக விற்றது. அந்தப் பெரிய மனிதரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை, அது வேண்டிய அளவுக்கு எல்லா இடத்திலும் இருக்கிறது. பிளேஸ் கடை வாசலில் நின்று கத்தினார். தெருவின் அமைதியைக் கெடுத்ததாக அவரைத்தான் பிடித்து உள்ளே வைத்தார்கள். கண் மங்கி ஊருக்குத் திரும்பி, கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிச் செத்துப்போனார். முதல் பிரதிகளில் படத்துக்கு ஒன்றாக ஏழு தாளைச் சுருட்டிக் கையோடு கொண்டுவந்திருந்தார். அவைதான் எங்களிடம் இருப்பவை. அவர் பெயரோடு அந்தப் படங்கள் உலகத்தில் வேறு எங்கும் இல்லை.

ஸ்டெல்லா கேட்டுவிட்டு, அந்தக் கடைக்காரனை யாரும் ஒன்றும் செய்யவில்லையா என்றார். செய்யவில்லை என்றேன். செய்யமாட்டார்கள் என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் காலை பெட்டியைத் திறந்தோம். ஏழு படமும் பத்திரமாக இருந்தன. சந்தோஷத்தில் நிகிலுக்கே ஒரு புன்னகை கொடுத்தேன். மறுநாள் மாலை திறப்பு விழா. சட்டமெல்லாம் தயாராக இருந்தது. மவுண்ட்தான் வரவேண்டும். படத்துக்கு மேலே ஜன்னல் வெட்டிய தடித்த அட்டை வைப்பார்களே, அதுதான் மவுண்ட். ஓசூர் சாலையில் பொம்மசந்திராவில் உள்ள ஒரு பட்டறையில் வெட்டச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் முன்கூட்டியே அளவும் புகைப்படமும் அனுப்பியிருந்தோம்.

மவுண்ட் வந்தது. முதல் அட்டையை எடுத்துச் சலவைக்காரி மேல் வைத்தேன். ஜன்னல் அவள் காலடியோடு முடிந்தது. கீழே இருந்த வரி அட்டைக்கு அடியில் போய்விட்டது. இரண்டாவதை வைத்தேன், அதுவும் அப்படித்தான். ஏழும் அப்படித்தான். பிளேசின் பெயர் ஒன்றிலும் இல்லை.

அந்த வரிக்காகத்தானே இந்தப் படங்கள் ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வந்திருக்கின்றன! நிகிலைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, இப்படித்தான் சுத்தமாக இருக்கிறது, பெயர் எப்படியும் பக்கத்தில் ஒட்டும் பெயரட்டையில் வருமே என்றார். அந்தப் பெயரட்டையைக் காட்டுங்கள் என்றேன். அச்சடித்து அடுக்கிவைத்திருந்ததை எடுத்து வந்தார். அதில் அந்தப் பெரிய மனிதரின் பெயரைப் போட்டு, அவருடைய பாணியில் என்று எழுதியிருந்தது. இணையத்தில் தேடினார்களாம், எல்லாப் பிரதியிலும் அந்தப் பெயர்தான் இருந்ததாம். எங்கள் குறிப்பை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

நான் போட்ட சத்தத்தில் வெளியே தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டவர் குழாயை மூடிவிட்டு எட்டிப் பார்த்தார். பெயரட்டையை மாற்றாவிட்டால் கையெழுத்துக் கிடையாது, மவுண்டை மாற்றாவிட்டாலும் கிடையாது, பெட்டியை மூடிக்கொண்டு நாளைக்கே கிளம்பிவிடுவேன் என்றேன். நிகில் வெளுத்துப்போய்ப் பட்டறை முதலாளிக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார்.

எந்த முட்டாள் இதை வெட்டியது என்று கேட்டேன். முதலாளி தமிழ்க்காரர்தான். "மவுண்ட் எல்லாம் கௌதமன்னு ஒருத்தன்தான் மேடம் வெட்றது. நீங்க டென்ஷன் ஆகாதீங்க. இன்னிக்கே அவன வேலைய விட்டு அனுப்பிடறேன்" என்றார். அனுப்புங்கள் என்று சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன். சொன்னபோது மனதுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

பிறகுதான் மவுண்டுக்கு வழி கேட்டேன். பட்டறை வண்டி நாளை மாலைதான் மல்லேஸ்வரம் பக்கம் வரும் என்றார். நாளை மாலை விழா. ஜன்னல் சின்னதாகத்தானே வெட்டியிருக்கிறது, கீழே இரண்டு விரற்கடை இறக்கினால் அதே அட்டையே போதும். நானே கொண்டுவருகிறேன் என்று ஏழு மவுண்டையும் துணியில் சுற்றிக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வாடகைக் கார் மூன்று வந்தன. மூன்றும் பொம்மசந்திரா என்றதும் மறைந்தன. நாலாவதாக வந்தவர் ஆட்டோக்காரர். அவர், அங்கே போவதற்குள் உங்கள் விசா முடிந்துவிடும், மெட்ரோவில் போங்கள் என்று புத்தி சொல்லி நிலைய வாசலில் இறக்கிவிட்டார். என் பாஸ்போர்ட்டை எங்கே பார்த்தார் என்று தெரியவில்லை. நிலையத்தில் மூட்டையைச் சோதனை இயந்திரத்துக்குள் விடச் சொன்னார்கள். அது நுழையவில்லை. படுக்கவைத்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள். பிரிக்கச் சொன்னார்கள். உள்ளே நடுவில் ஓட்டை போட்ட ஏழு அட்டைகளைப் பார்த்த காவலருக்கு ஒன்றும் புரியவில்லை. படம் எங்கே என்றார். படம் மல்லேஸ்வரத்தில் என்றேன். படம் இல்லாத சட்டத்தை ஏன் தூக்கிக்கொண்டு அலைகிறேன் என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான். ஒருவழியாக விட்டார்கள். ஆர்.வி. ரோட்டில் வண்டி மாறிப் பொம்மசந்திரா வரை நின்றுகொண்டே போனேன். எங்கள் ஊரில் இவ்வளவு பெரிய மூட்டையோடு ஏறினால் முகத்தைச் சுளிப்பார்கள். இங்கே ஒரு பெண் தன் மடியில் இருந்த பையைக் கீழே வைத்துவிட்டு மூட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

பட்டறையில் போய் நின்றபோது மத்தியானம் ஆகிவிட்டது. துணிக்கடைகளுக்கும் செல்போன் கடைகளுக்கும் காட்சிப் பலகை செய்யும் இடம் அது. மரத்தூள் வாசனை. குழாயடியில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். கௌதமன் யார் என்று கேட்டேன். நான்தான் என்றார். கழுவி முடித்து, ஈரத்தைச் சட்டையில் துடைத்து, பைக்குள் வைத்தார். பையில் ஒரு வேலைச்சட்டையும் ஒரு ஜோடிச் செருப்பும் ஏற்கனவே இருந்தன.

வழியெல்லாம் அவரிடம் கேட்பதற்குச் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகளில் பாதியை அதைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். மீதிப் பாதியைக் கேட்டேன். புகைப்படத்தில் எழுத்து அவ்வளவு தெளிவாக இருந்ததே, அதை எப்படி மறைக்கத் தோன்றியது என்றேன்.

அவர் கோபப்படவில்லை. நிதானமாகச் சொன்னார். "கேலண்டர் படம் பிரேம் போட வருதுல்ல மேடம், அதுல சாமிக்குக் கீழ கடைப் பேரு, போன் நம்பர் எல்லாம் இருக்கும். அத மறைச்சுதான் மவுண்ட் வெட்டுவோம். யாரும் சொல்லக்கூட மாட்டாங்க, அது எங்களுக்கே தெரியணும். எங்க வீட்டு புத்தர் படமே கேலண்டர்ல வந்ததுதான். புத்தர் காலடியில நகைக்கடை பேரு இருந்தா நல்லாவா இருக்கும்? இதுவும் கடை விளம்பரம்னு நெனச்சேன்."

புதுச்சேரியில் எங்கள் வீட்டில் மாட்டியிருந்த முருகனும் அப்படித்தான், நெய்க்கடைப் பெயரை அட்டைக்கு அடியில் வைத்துக்கொண்டு எங்களுக்கு அருள் கொடுத்தவர். போனில் சலவைக்காரியைத் திறந்து கௌதமனுக்குக் காட்டினேன். மேல் வரி வரைந்தவர் பெயர் என்றேன். கீழ் வரி என்ன என்று கேட்டார். அதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. அது கடைப் பெயரும் தெருவும்தான். பாதி சரியாகத்தான் நினைத்திருந்தார்.

அவர் படத்தைப் பெரிதாக்கி, நகர்த்தி, அடுத்ததையும் அடுத்ததையும் பார்த்தார். இந்த ஏழு பேரும் இடது கைக்காரர்களா என்றார். பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ பேருக்கு இந்தப் படங்களைக் காட்டியிருக்கிறேன், இதைக் கேட்டவர்கள் இரண்டோ மூன்றோ பேர். தகட்டில் இருப்பது காகிதத்தில் இடவலம் மாறி விழும், பிளேஸ் தன் ஓவியத்தை அப்படியே செதுக்கியதால் எல்லாரும் இடது கையால் வேலை செய்கிறார்கள் என்று விளக்கினேன். கௌதமன் மறுபடி அந்த வரியைப் பெரிதாக்கிப் பார்த்தார். அப்படியானால் அந்தப் பெயரை மட்டும் அவர் திருப்பிப்போட்டுத்தான் செதுக்கியிருக்கவேண்டும், இல்லையா என்றார். ஆமாம் என்றேன். ரொம்பக் கஷ்டமான வேலை என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

முதலாளி அறைக்குப் போனேன். ஏழு மவுண்டையும் இப்போதே சரிசெய்யவேண்டும் என்றேன். கட்டர் மெஷினில் கை வைக்கக்கூடியவன் கௌதமன் ஒருவன்தான், அவனைத்தான் அனுப்பியாகிவிட்டதே என்றார் அவர். அவரை ஏன் அனுப்புகிறீர்கள் என்று கேட்டேன்.

"நீங்கதானே மேடம் அனுப்பச் சொன்னீங்க?"

தப்பு அவருடையது மட்டும் இல்லை, எந்த வரி தெரியவேண்டும் என்று நாங்களும் எழுதி அனுப்பவில்லை என்றேன். அது உண்மைதான். பத்தொன்பது வருடமாக எங்களுக்கு அது சொல்லாமலே தெரிந்த விஷயம். முதலாளி மேசைமேல் இருந்த பேனாவைத் திறந்து மூடினார். சரி, உங்கள் வேலை முடியும்வரை இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். அந்த அப்புறம் பார்க்கலாம் எனக்குப் பிடிக்கவில்லை. என் வாயால் வந்த வினைக்கு நான் யாரைத் திட்டுவது?

கௌதமன் பையிலிருந்து வேலைச்சட்டையை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். கீழ்ப்பக்கத்தை மட்டும் இறக்கினால் மூலையில் ஒட்டுத் தெரியும், இரண்டு பக்கவாட்டிலும் மயிரிழை எடுக்கவேண்டும் என்றார். கத்தியைச் சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பு. சீவி விழுந்த அட்டை நூல் மாதிரி இருந்தது. நான் ஒரு முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை செய்துகொண்டே பேசினார். வீடு கோலார் தங்கவயலில். அப்பா சுரங்கத்துக்குள் இறங்கியவர். சுரங்கம் மூடிய பிறகு ஊரே ரயிலேறிப் பெங்களூர் வந்து வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறது. விடிவதற்கு முன் வண்டி, கே.ஆர்.புரம் வரை நின்றுகொண்டு, பிறகு பஸ். திரும்பவும் அப்படியே. தினமுமா என்றேன். ஞாயிறு விட்டு என்றார். இந்த வேலை போனால் வேறு வேலை கிடைக்குமா என்று கேட்டேன். கிடைக்கும், ஆனால் மவுண்ட் வேலை கிடைக்காது, மூட்டை தூக்குகிற வேலைதான் கிடைக்கும் என்றார். மகள் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாளாம். சொல்லும்போது கத்தி கொஞ்சமும் கோணவில்லை.

ஐந்து மணிக்குள் ஏழும் முடிந்தன. அவருடைய வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று ஓட்டமாக ஓடினார். நாளைக்கு நீங்களே வந்து மாட்டவேண்டும் என்று அவர் முதுகைப் பார்த்துக் கத்தினேன்.

நாலாம் நாள் காலை கௌதமன் மல்லேஸ்வரம் வந்தார். ஒவ்வொரு படத்தையும் மவுண்டில் வைத்து, சட்டத்தில் ஏற்றி, மட்டம் பார்த்து மாட்டினார். சலவைக்காரியின் காலடியில் அந்த வரி தெரிந்தது: வரைந்ததும் செதுக்கியதும் பிளேஸ் கூர்த்வேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்காமல் சொல்கிறேன். நிகில் எங்கள் குறிப்பைப் படித்து, புதுப் பெயரட்டைகளையும் ஒரு சுவருக்கு அந்தக் கடைக்காரன் கதையையும் அச்சடித்து வந்திருந்தார். அவற்றில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மூன்று தடவை படித்தேன். இல்லை. பிளேசுக்கு இப்போதாவது நியாயம் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டு கூடத்தைச் சுற்றி வந்தேன்.

வாசலில் ஒரு பெரிய பலகை வைத்திருந்தார்கள். கண்காட்சியை உருவாக்கியவர்கள் என்று தலைப்பு. கருத்தாக்கம் நிகில், விளக்கு அமைப்பு ஒருவர், வண்ணம் ஒருவர், இசை ஒருவர். படம் பார்க்கிற இடத்தில் இசை எதற்கு? விழாவுக்குக் காபி கொடுக்கும் நிறுவனத்தின் பெயர்கூட இருந்தது. கடைசியில் என் பெயரும் இருந்தது, பெட்டிக்குத் துணை வந்தவள் என்று. சட்டம், மவுண்ட், மாட்டியது பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எனக்கு மறுபடி தலைக்கு ஏறிவிட்டது. நிகிலைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். பெயரைச் சுரண்டிய கடைக்காரனைப் பற்றி உள்ளே ஒரு சுவர் முழுக்க எழுதி வைத்துவிட்டு, வாசலில் நீங்கள் செய்திருப்பது என்ன என்று கேட்டேன். கௌதமன் பெயரைப் போடுங்கள், இல்லாவிட்டால் கையெழுத்து இல்லை என்றேன். கையெழுத்து என்றால் நிகில் எதற்கும் சரி சொல்லும் நிலைக்கு வந்திருந்தார். ஒரு மணி நேரத்தில் ஸ்டிக்கர் அடித்து ஒட்டிவிடலாம் என்று போனை எடுத்தார்.

ஏணியை மடித்துக்கொண்டிருந்த கௌதமன் அதைக் கேட்டுவிட்டு என்னைத் தோட்டத்துப் பக்கம் கூப்பிட்டார். முதல் தடவையாக மேடம் என்பதை விட்டார்.

"அக்கா, அதெல்லாம் வேணாம்."

"ஏன் வேணாம்? நீங்கதானே செஞ்சீங்க?"

"ஓனரும் சாயந்திரம் வருவாரு. போர்டுல அவரு கம்பெனி பேரே இல்ல. என் பேரு மட்டும் இருந்தா என்ன நெனப்பாரு? நானே சொல்லி போட வச்சேன்னு நெனப்பாரு. பார்ட்டிய தனியா பிடிக்கிறான்னு நெனப்பாரு. ஏற்கனவே அப்புறம் பாக்கலாம்னு சொல்லியிருக்காரு."

அப்படியானால் இருவர் பெயரையும் போடச் சொல்கிறேன் என்றேன். ஓனர் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரா என்று அவர் சிரித்துவிட்டார். முதலாளியிடம் நானே பேசுகிறேன் என்றேன். நான் பேசினால் என்ன ஆகும் என்று ஒருமுறை பார்த்தாகிவிட்டதே என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமல் ஏணியின் கயிற்றைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் சொல்லியிருந்தால்கூட நான் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். நிகிலிடம் போய் ஸ்டிக்கர் வேண்டாம் என்று சொன்னேன். அவருக்கு என்னைப் பார்த்து என்ன நினைப்பது என்றே தெரியவில்லை. பட்டறையின் பெயரை மட்டும் போட்டார்கள்.

இந்தக் கோபத்தை யார்மேல் காட்டுவது? சுரண்டியவனாவது செத்துப்போய் இருநூறு வருடத்துக்கு மேலாகிறது, அவனைத் தாராளமாகத் திட்டலாம்.

மத்தியானம் காலியான கூடத்தில் உட்கார்ந்து அறிக்கையை எழுதினேன். எங்கள் அருங்காட்சியகத்தின் படிவம் பன்னிரண்டு பக்கம். காகிதத்தின் நிலை, விளிம்பு, கறை, மடிப்பு, எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. ஒன்பதாம் பக்கத்தில் மவுண்ட் செய்தவர் என்று ஒரு கட்டம். இதுவரை அதில் நாங்கள் யாருமே ஆள் பெயரை எழுதியதில்லை. உள்ளூர்ப் பட்டறை என்று இரண்டு வார்த்தை போட்டுவிட்டுப் போய்விடுவோம். நானே எத்தனையோ தடவை அப்படி எழுதியிருக்கிறேன். எத்தனை தடவை என்று யோசிக்கப் பிடிக்கவில்லை.

கௌதமன் ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கூப்பிட்டு, முழுப் பெயரைக் கேட்டேன். எதற்கு என்றார். படிவத்தைக் காட்டினேன். அவர் குனிந்து அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்தார்.

"இது எங்க போகும்?"

"பிரான்சுக்கு. எங்க கிடங்கு அலமாரிக்குள்ள."

"ஓனர் பாப்பாரா?"

"மாட்டார். நிகிலுக்கும் கடைசிப் பக்கம் மட்டும்தான்."

"அங்க யாராச்சும் எடுத்துப் படிப்பாங்களா?"

படிப்பார்கள் என்று சொல்லத்தான் வாய் வந்தது. அந்த அலமாரியின் சாவி என்னிடம்தான் இருக்கிறது. அதைத் திறந்து பழைய அறிக்கையை எடுத்துப் படித்த ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

"யாரும் படிக்கமாட்டாங்க" என்றேன்.

"அப்படின்னா எழுதுங்கக்கா" என்றார் கௌதமன். எழுத்து எழுத்தாகச் சொன்னார். அப்பா பெயரின் முதலெழுத்தை விட்டுவிடவேண்டாம் என்றார். எழுதி முடித்துக் காட்டினேன். ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வண்டியைப் பிடிக்கப் போனார்.